ரேஸ்கார எத்திராஜும் ஒரு ஊக்கும்

ரிட்டையர் ஆனவங்க சங்கத்துல இந்த வருஷம் ஒரு மலர் போடறாங்களாம். ஆளுக்கு ஒரு அனுபவம் எழுதிக் குடுக்கணுமாம். "நீதான் ரேஸ் மெக்கானிக்கா இருந்தவனாச்சே வேலு, எத்திராஜப் பத்தி எழுது"ன்னு செயலாளர் சொல்லிட்டுப் போயிட்டாரு. எனக்கு எழுத்துத் தமிழ் வராது, பேச்சுத் தமிழ்தான் வரும். நகரி தறிக்காரத் தெருவுல பொறந்து, சித்தூர் பஸ் ஷெட்டுல தெலுங்கும் உருதும் கேட்டுக்கினு ஸ்பேனர் புடிச்சவன்கிட்ட வேற எத எதிர்பாக்கறது? அச்சடிக்கறவங்க வேணும்னா திருத்திக்கட்டும்.

எத்திராஜ் அண்ணன் செத்து இத்தினி வருஷம் ஆயும், சித்தூர்லேர்ந்து திருப்பதி வரைக்கும் எந்த டீக்கடையில டிரைவருங்க ஒக்காந்தாலும் அவர் பேச்சு வந்துடும். மெயில் ரயிலோட போட்டி போட்டு ரேணிகுண்டா கேட்டத் தாண்டினாருன்னுவான் ஒருத்தன். கண்ணக் கட்டிக்கினு பாகராப்பேட்டை கணவாய் எறங்கினாருன்னுவான் இன்னொருத்தன். எல்லாம் டூப்பு. கூடவே இருந்தவன் நான், அப்படி ஒண்ணும் நடக்கல.

எனக்கு ரொம்பக் கோவம் வர்றது ஊக்குக் கதைக்குத்தான். ரேஸுக்குப் போவும்போது அண்ணன் சட்டைக் காலர்ல ஒரு ஊக்கு குத்திக்கினு போவாராம், எவனோ சாமியார் மந்திரிச்சிக் குடுத்ததாம், அது இருக்கற வரைக்கும் வண்டி நிக்காதாம். அவருக்கப்புறம் ரேஸ் ஓட்ட வந்தவனுங்க ரெண்டு மூணு பேரு காலர்ல ஊக்கு குத்திக்கினு வந்து நின்னத நானே பாத்தேன். ஐயா சாமிகளா, அந்த ஊக்கு என்னோடது. நகரி சந்தையில எங்கம்மா வாங்கினது. என் சட்டப் பையில பொத்தான் இல்லாததுக்காகக் குத்தினது. அது எப்படி அண்ணன் காலருக்குப் போச்சின்றதத்தான் சொல்லப் போறேன்.

என் பாடு சுருக்கமா. எங்க நைனா தறி நெய்யறவரு. எனக்குத் தறிக் குழியில கால் வெச்சி ஒக்காந்தா தூக்கம் வரும், எஞ்சின் சத்தம் கேட்டா முழிப்பு வரும். "இவன் தறிக்கு ஒதவ மாட்டான்"னு நைனாவே ஒரு நாள் பஸ்ல ஏத்தி சித்தூருக்கு இட்டுக்கினு போயி, நாயுடு மொதலாளியோட பஸ் ஷெட்டுல விட்டுட்டு வந்தாரு. கொஞ்ச வருஷம் மண்ணெண்ணெயில பார்ட்ஸ் கழுவினேன், கொஞ்ச வருஷம் கிரீஸ் அடிச்சேன், அப்பால பிட்டர் ஆனேன். அவ்ளோதான்.

ஷெட்டுக்கு மேஸ்திரி மஸ்தான் சாயபு. சத்தமா ஒரு வார்த்த பேச மாட்டாரு. வண்டி கொண்டாந்து நிறுத்தினா எஞ்சின ஓட வுடச் சொல்லி, நீட்டு ஸ்குரு டிரைவர் நுனிய எஞ்சின் மேல வெச்சி, பிடியக் காதுல வெச்சிக் கேப்பாரு. ஊரே சுத்தி நின்னு ஆளுக்கு ஒரு யோசன சொல்லிக்கினு இருக்கும். அவர் கண்ண மூடிக்கினு, "ஆகு ரா"ன்னுவாரு. தெலுங்குல, இருடான்னு அர்த்தம். அந்த ஒரு வார்த்தைக்கு மொதலாளியே வாய மூடிக்குவாரு.

அவர்கிட்ட ஒரு சட்டம் இருந்துது. வண்டி ஷெட்ட வுட்டுப் போறதுக்கு முன்னாடி அது மேல படற கடைசிக் கை அவர் கையா இருக்கணும். நட்டு, பெல்ட்டு, வீலு, டாங்க் மூடி எல்லாத்தையும் ஒரு தபா தடவிக்கினு வருவாரு. "என் கை ஆச்சி"ன்னு சொல்லிட்டாருன்னா அப்பால எவனும் தொடக் கூடாது. ஒரு தபா நான் அவர் சொன்னப்புறம் சும்மா கண்ணாடியத் தொடச்சேன். அவர் திட்டல. மறுபடியும் மொதல்லேர்ந்து மொத்த வண்டியும் தடவிக்கினு வந்தாரு. பிரயாணிங்க பஸ்ல ஒக்காந்து காத்துக்கினு கெடந்தாங்க. அதுக்கு ரெண்டு அறை வுட்டிருந்தா தேவலன்னு இருந்துது எனக்கு.

எத்திராஜ் அண்ணன் அந்தக் கம்பெனியில டிரைவரு. எங்க ஊருதான், எங்களப் போலவே தறிக் குடும்பம். ஆளு ஒல்லி, வெத்தல போட்ட வாயி, எப்பவும் தோள்ல ஒரு துண்டு. அவர் பஸ்ஸுக்கு ஒரு பேரு இருந்துது, மாங்கா பஸ்ஸுன்னு. சீசன்ல சித்தூர் மாம்பழக் கூடைங்கள மேல ஏத்தணும்னா வியாபாரிங்க அவர் டியூட்டி என்னிக்குன்னு கேட்டு வந்து காத்துக்கினு இருப்பாங்க. மத்த பஸ்ல ஏத்தினா அடிக்கூடைப் பழம் நசுங்கிப் பூடும். இவர் பஸ்ல நசுங்காது. அதுக்காக மெதுவா ஓட்டறாருன்னு நெனச்சிக்காதீங்க. எல்லாருக்கும் முன்னாடி போய்ச் சேர்றதும் இவர்தான். திருப்பத்துல பிரேக்க அழுத்த மாட்டாரு, ஸ்டியரிங்க வெட்ட மாட்டாரு. திருப்பம் வர்றதுக்கு முன்னாடியே அதுக்கு ஏத்தாப்பல வண்டியத் தயார் பண்ணிக்குவாரு. வளஞ்சதே உள்ள இருக்கறவனுக்குத் தெரியாது.

ரேஸ் ஆசை எப்படி வந்துச்சின்னா, மொதலாளியோட பழைய இங்கிலீஷ் காரு ஒரு நாள் பள்ளத்துல எறங்கிடுச்சி. பாடி போச்சி, எஞ்சின் நல்லா இருந்துது. மஸ்தான் மேஸ்திரி அந்தப் பாடிய வெட்டி எறிஞ்சிட்டு, தகரத்துல புதுசா ஒண்ணு கட்டினாரு. ஒரே சீட்டு. சீட்டுக்குப் பின்னால பெட்ரோல் டாங்கு, அதுக்குப் பித்தள மூடி. பாக்கறதுக்குச் சவப்பெட்டி மாதிரி இருக்குதுன்னு மொதலாளி சொன்னாரு. ஆனா ஓட்டிப் பாத்த எத்திராஜ் அண்ணன் எறங்கவே இல்ல. மெட்ராசுக்கு வடக்க, சோழவரத்துல, சண்டைக் காலத்து ஏரோப்ளேன் மைதானம் ஒண்ணு சும்மா கெடந்துது. அங்க கார் ரேஸு நடக்குதுன்னு மொதலாளி எங்கயோ கேட்டுக்கினு வந்தாரு. ஜமீன் வீட்டுப் பசங்க, எஸ்டேட்காரங்க, கம்பெனி தொரைங்க இவங்கதான் ஓட்டறவங்க. "நம்ம வண்டியும் போவட்டுமே"ன்னாரு.

அதுக்கு அண்ணன் வீட்டுல சம்மதிக்கணுமே. பச்சையம்மா அண்ணி திருத்தணிப் பக்கத்துப் பொண்ணு. அவங்க கூடப் பொறந்தவரு லாரிக் கிளீனரா இருந்து, நாகலாபுரம் ரோட்டுல செத்துப் போனவரு. பஸ் ஓட்டறதையே வயித்துல நெருப்பக் கட்டிக்கினு பாத்துக்கினு இருக்கற பொம்பள, ரேஸுன்னா விடுவாங்களா? கொஞ்ச நாளு வீட்டுல பேச்சே இல்ல. தறிச் சத்தம் மட்டும்தான். கடைசியில ஒரு நாள் நானும் இருக்கும்போது தறிய நிறுத்திட்டு எழுந்து வந்தாங்க.

"மாமா, நீ போ. ஆனா நான் வர்றேன். நானே என் கையால திருத்தணி சந்தனத்துல வண்டிக்குப் பொட்டு வெப்பேன். அந்தப் பொட்டோடதான் ஓட்டணும்."

"அதுக்கின்னா, வெய்யி"ன்னாரு அண்ணன்.

"இன்னும் கேளு. முருகன நம்பித்தான் அனுப்பறேன். அவனே வண்டிய நிறுத்தினான்னா, அது அவன் சொல்ற வார்த்த. அன்னியோட ரேஸ விட்டுடணும். கையில அடி."

அண்ணன் அவங்க உள்ளங்கையில அடிச்சி சத்தியம் பண்ணிக் குடுத்தாரு. அவர் வாய்ல பொய் வரும், சத்தியத்துல வராது. அது அண்ணிக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அப்ப ஆந்திரா தனியாப் பிரிஞ்சி, எந்த ஊரு எந்தப் பக்கம்னு அடிச்சிக்கினு இருந்த காலம். திருத்தணி எங்களுக்குன்னு தமிழ்க்காரங்க, நகரி எங்களுக்குன்னு தெலுங்குக்காரங்க. காத்தால தமிழ் போர்டுல தாரு பூசி இருக்கும், சாயங்காலம் தெலுங்கு போர்டுல பூசி இருக்கும். பஸ்ஸு எந்தப் பக்கம் போனாலும் கல்லு வரும்னு கண்ணாடிக்குக் கம்பி வல அடிச்சி வெச்சிருந்தோம். இந்தக் கூத்துல நாங்க தகர வண்டிய லாரியில ஏத்திக்கினு சோழவரம் போய்ச் சேந்தோம்.

பேர் எழுதற எடத்துல வெள்ளத் தொப்பி போட்ட பெரியவர் ஒருத்தரு ஒக்காந்திருந்தாரு. ரேஸுக்கு அவர் வெச்சதுதான் சட்டம். அண்ணன் காக்கி சட்டையும் துண்டுமா போயி நின்னதும், "உன் மொதலாளி எங்கப்பா?"ன்னு கேட்டாரு.

"நான்தாங்க ஓட்டறது."

"இன்னா வேல பண்ற?"

"பஸ்ஸு ஓட்டறேங்க."

"எந்த ஸ்டேட்டு?"

"நகரிங்க."

"நகரி எந்த ஸ்டேட்டுல இருக்குது?"

"இன்னிக்கு ஆந்திராவுல இருக்குதுங்க. நாளைக்குப் பேப்பர் பாத்துட்டுத்தான் சொல்லணும்."

பெரியவர் சிரிச்சிட்டாரு. பக்கத்துல இருந்த ரெண்டு பேரு பஸ் டிரைவர ஓட்ட வுட்டா ரேஸுக்கே மரியாத போயிடும்னு அவர் காதுல ஓதினாங்க. அவர் யோசிச்சாரு. "பஸ் டிரைவர் ஓட்டலாம்னு எங்கயும் எழுதல. ஓட்டக் கூடாதுன்னும் எழுதல. ஒண்ணு பண்ணு. இந்த ரேஸ முழுசா முடிச்சிக் காட்டு. கடைசியா வந்தாலும் சரி. முடிச்சிட்டா இனிமே எல்லா வருஷமும் உன் பேரு எழுதறேன். நடுவுல ஒரேயடியா நின்னுட்டா, இல்ல ஓடற நேரத்துல உன் கையத் தவிர வேற எவன் கையாவது வண்டி மேல பட்டுச்சின்னா, இதோட மறந்துடு"ன்னாரு.

நியாயமான ஆளுதான். இப்ப நெனச்சாலும் அவர் மேல எனக்குக் கோவம் வரல. ஆனா அன்னிக்கு ரெண்டு பக்கத்தையும் கூட்டிப் பாத்தேன். இங்க நின்னா பெரியவர் பேர வெட்டிடுவாரு. முருகன் நிறுத்தினா அண்ணி ஸ்டியரிங்கப் புடுங்கிடுவாங்க. எந்தப் பக்கம் பாத்தாலும் அந்த வண்டி நிக்கக் கூடாது.

காத்தால மேஸ்திரி வண்டி பூரா தடவிக்கினு வந்து, கையத் தொடச்சிக்கினு, "என் கை ஆச்சி"ன்னாரு. அப்பதான் அண்ணி சந்தனக் கிண்ணத்தோட வந்தாங்க. மேஸ்திரிக்கு மொகம் ஒரு மாதிரி ஆச்சி. ஆனா சாமி காரியமாச்சே, அவர் ஒதுங்கிக் கை கட்டிக்கினு நின்னாரு. அண்ணி பேனட்டுல வெச்சாங்க, ஸ்டியரிங்குல வெச்சாங்க, வீலுக்கெல்லாம் வெச்சாங்க. கடைசியா டாங்க் மூடி. "இதுதான வண்டி சோறு துன்ற வாயி"ன்னு சொல்லி, மத்த எடத்த விட அங்க பெருசா, அப்பினாப்பல ஒரு பொட்டு வெச்சி, நடுவுல குங்குமம் வெச்சாங்க. எங்க கண்ணு பூரா அவங்க கையில இருந்த கற்பூரத் தட்டு மேலயே இருந்துது. பெட்ரோல் கிட்ட நெருப்பு வந்துடப் போவுதேன்னு மேஸ்திரி பதறிப் போயி, "தூரமா காட்டும்மா, தூரமா"ன்னு கெஞ்சிக்கினு இருந்தாரு. மூடிய எவன் பாத்தான்?

கொடி எறங்கிச்சி. தொரைங்க வண்டிங்க சீறிக்கினு போச்சி. அண்ணன் சாதாரணமா, டியூட்டிக்குப் போறாப்பலதான் போனாரு. திருப்பத்துக்குத் திருப்பம் மண்ணு நெரப்பின பீப்பாய் அடுக்கி இருந்தாங்க. மத்தவன் ஒவ்வொருத்தனும் அங்க வந்து டயர் கத்த, பின்பக்கம் ஆட்டி, பீப்பாய ஒரசிக்கினு திரும்பறான். இவரு நூலு புடிச்சாப்பல உள்ள போயி வெளிய வர்றாரு. சுத்துக்குச் சுத்து ஒவ்வொருத்தனாத் தாண்டினாரு. மொதலாளி துண்டச் சுத்திக்கினு ஆடறாரு. நானும்தான் ஆடினேன், பொய் சொல்லுவானேன்.

அப்ப எதிர்ப்பக்கத் திருப்பத்துல எங்க வண்டிச் சத்தம் இழுத்து இழுத்து நின்னுது.

நான் ஓடப் போனேன். மேஸ்திரி என் கையப் புடிச்சிக்கினாரு. "ஆகு ரா. தொட்டா போச்சி." தூரத்துல அண்ணன் எறங்கி பேனட்டத் தெறந்து பாக்கறது தெரிஞ்சிது. பிளக்கு வயரத் தொட்டுப் பாத்தாரு. கொஞ்ச நேரம் நின்னுட்டு ஹேண்டில் போட்டாரு. எஞ்சின் புடிச்சிக்கிச்சி. எங்களுக்கு உசுரு வந்துது. மேஸ்திரி மட்டும் கண்ண மூடிக்கினு, "கரண்ட்டு போனா டக்குனு நிக்கும். இது இழுத்துத்தான நின்னுது. பெட்ரோல் வர்ல"ன்னாரு.

அது கரெக்டு. எங்களத் தாண்டிப் போயி, திரும்ப அதே மாதிரி இழுத்து நின்னுது. இப்ப அவர் தாண்டி வந்த வண்டிங்க எல்லாம் திரும்ப அவரத் தாண்டிப் போச்சி. அண்ணன் இந்தத் தபா பேனட்டத் தெறக்கல. வண்டி பக்கத்துல நின்னு தலயச் சொறிஞ்சாரு. அப்பால பின்பக்கம் வந்து டாங்க் மூடியத் திருகினாரு. பிற்பாடு அவரே சொன்னாரு, மூடிய லூஸ் பண்ணதுமே உள்ளேர்ந்து 'ஸ்ஸ்'ஸுன்னு காத்து இழுத்துச்சாம். அப்பவே புரிஞ்சி போச்சாம்.

கண்டன்ஸ்டு மில்க் டின்னுல ஒரே ஒரு ஓட்டை போட்டுக் கவுத்தா பால் ஒழுங்கா வருமா? காத்து உள்ள போவ இன்னொரு ஓட்டை வேணும். டாங்க் மூடி நடுவுல குண்டூசி நுழையறாப்பல ஒரு ஓட்டை இருக்கறது அதுக்குத்தான். திருத்தணி சந்தனம் கெட்டி சந்தனம். வெயில்ல காஞ்சா சிமிட்டிதான். பொட்டு காஞ்சி ஓட்டைய அடச்சிக்கிச்சி. கொஞ்ச நேரம் நிறுத்தி வெச்சா எந்த சந்துல இருந்தாவது காத்து கசிஞ்சி உள்ள போவும், வண்டி ஓடும். அப்பால திரும்ப நின்னுடும்.

அண்ணன் துண்டால தொடச்சாரு, நகத்தால சொரண்டினாரு. மேல இருந்தது வந்துது, ஓட்டைக்குள்ள போனது வர்ல. கையில ஒரு ஊசி கூட இல்ல. வண்டிங்க தாண்டிப் போய்க்கினே இருக்குது. அப்ப அவர் ஒண்ணு பண்ணாரு. மூடிய இறுக்காம, சும்மா ஒக்கார வெச்சாரு. காத்து போவும். ஆனா வண்டி வெட்டித் திரும்பினாலோ பிரேக்கு போட்டாலோ பெட்ரோல் அலம்பி வெளிய ஊத்தும். அடியில சைலன்சர் சூடு, முதுகுக்குப் பின்னால பெட்ரோலு. வேற எவனா இருந்தாலும் அங்கயே எறங்கி நடந்து வந்திருப்பான்.

எத்திராஜ் அண்ணன் மாம்பழம் ஏத்தினாப்பல ஓட்டிக்கினு வந்தாரு. அதுக்குப் பேரு ரேஸுன்னு சொன்னா நம்ப மாட்டீங்க. ஒரு குலுக்கல் இல்ல, ஒரு வெட்டு இல்ல. வேகம் மட்டும் கொறையல. ஒவ்வொரு திருப்பமும் எப்ப வரும்னு நான் பல்லக் கடிச்சிக்கினு பாத்துக்கினு இருந்தேன். கொடிய அவர் தாண்டும்போது அவருக்குப் பின்னால இன்னும் ஒரு வண்டிகூட இருந்துது. வெள்ளத் தொப்பி பெரியவர் எழுந்து நின்னு கை தட்டினாரு. "இன்னாப்பா ட்ரபிளு?"ன்னு கேட்டாரு. "தூசிங்க"ன்னாரு அண்ணன். "சரி, பேர எழுதிக்கறேன்"ன்னாரு பெரியவரு.

அண்ணி வந்தாங்க. அப்படி ஓட்டியும் மூடி ஓரமாக் கசிஞ்சி அண்ணன் சட்ட முதுகுப் பக்கம் பூரா பெட்ரோலு. "ஏன் மாமா நின்ன?"

"கார்பரேட்டர்ல தூசி, பச்ச."

அண்ணி அவர் மொகத்தையே பாத்துக்கினு இருந்தாங்க. அப்பால, "தூசின்னா தொடச்சிக்கினு ஓட்ட வேண்டியதுதான்"னு சொல்லிட்டு, அவருக்கு வேற சட்ட எடுக்கப் போயிட்டாங்க.

அவங்க அந்தப் பக்கம் போனதும் லாரிக்குப் பின்னால மூணு பேரும் கூடினோம். "பச்சைக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா முருகனே சந்தனத்தால நிறுத்திட்டான்னுவா. நான் சத்தியம் பண்ணி இருக்கேன்"ன்னாரு அண்ணன். அடுத்த தபா மூடியில வெக்க வாணாம்னு சொல்லிடலாமேன்னு நான் சொன்னேன். "ஏன்னு கேப்பா. எனக்கு அவகிட்ட ரெண்டாவது பொய் நிக்காது"ன்னாரு. மேஸ்திரி ரொம்ப நேரம் யோசிச்சிட்டு என் சட்டப் பையப் பாத்தாரு. பையில குத்தி இருந்த ஊக்க அவரே கழட்டி அண்ணன் கையில வெச்சாரு. "இனிமே கடைசிக் கை வேலுவோடது"ன்னாரு. அவர் வாழ்க்கையில அந்தச் சட்டத்த அவர் மாத்தினது அந்த ஒரு தபாதான்.

அன்னியிலேர்ந்து இதுதான் மொற. அண்ணி பொட்டு வெச்சிட்டு, பொம்பளைங்க ஒக்கார்ற பக்கம் நடப்பாங்க. அண்ணன் காலர்லேர்ந்து ஊக்கக் கழட்டிப் பின்னால நீட்டுவாரு. நான் துணியால டாங்கத் தொடைக்கறாப்பல குனிஞ்சி, துணிக்கு அடியில ஊக்க வுட்டு ஓட்டைய ஒரு குத்து. பாக்கக்கூட மாட்டேன், வெரலுக்கே எடம் தெரியும். வெண்ணெயில எறங்கறாப்பல எறங்கும். சந்தனம் ஈரமா இருக்கறதாலன்னு நெனச்சிக்குவேன். ஊக்க மறந்துடக் கூடாதுன்னு அண்ணன் அத காலரவிட்டு எடுக்கறதே இல்ல. "இன்னாத்துக்கு ஊக்கு?"ன்னு அண்ணி கேட்டதுக்கு, "பொத்தான் பிஞ்சிடுச்சி"ன்னு சொல்லி வெச்சாரு.

அப்பால அவர் ஜெயிச்சதெல்லாம் உங்களுக்கே தெரியும், ஊரே சொல்லுது. ஒரு தபா மழையில ரன்வே பூரா தண்ணி. சீமையிலேர்ந்து வந்த வண்டிங்க பம்பரமாச் சுத்திச்சி. இவரு மாங்கா பஸ்ஸு ஓட்டறாப்பல ஓட்டிக்கினு போயி மொதல்ல வந்தாரு. அன்னிக்கு வெள்ளத் தொப்பி பெரியவர் அவரத் தோளோட அணச்சிக்கினாரு. காதுல ஓதின ரெண்டு பேரும் வந்து கை குடுத்தாங்க, வாங்கிக்கினாரு.

எல்லத் தகராறும் முடிஞ்சிது. திருத்தணி மெட்ராஸ் பக்கம் போச்சி, நகரி ஆந்திராவுலயே இருந்துட்டுது. எங்க பஸ்ஸு ரூட்டு நடுவுல செக்போஸ்ட்டு வந்துது. "பச்ச, உன் முருகன் இப்ப வெளி மாநிலத்துக்காரன். அவன் சந்தனம் இங்க செல்லுமான்னு கேட்டுக்கோ"ன்னு அண்ணன் கிண்டல் பண்ணுவாரு. "அவன் மல மேல நின்னுக்கினு ரெண்டு பக்கத்தையும் பாக்கறான். உனக்கின்னா"ன்னுவாங்க அண்ணி. அப்பால பஸ்ஸெல்லாம் சர்க்கார் எடுத்துக்கிச்சி. மொதலாளி ரேஸு வண்டிய வித்துட்டாரு. கடைசி ரேஸ் முடிஞ்ச அன்னிக்கு அண்ணன் காலர்லேர்ந்து ஊக்கக் கழட்டி, "இந்தாடா உன் சொத்து"ன்னு திருப்பிக் குடுத்தாரு. நாங்க ரெண்டு பேரும் சர்க்கார் டிப்போவுல சேந்து, நல்லபடியா ரிட்டையர் ஆனோம். அண்ணன் ஒரு நாள் சாப்டுட்டுப் படுத்தவரு எழுந்திருக்கல. அத விட நல்ல சாவு டிரைவருக்கு இன்னா வேணும்.

இப்ப நடந்ததுக்கு வர்றேன். என்னோட வேல செஞ்சவர் ஒருத்தரோட பொண்ணு, புத்தூர்ப் பொண்ணு, ஹேமான்னு பேரு, இஞ்சினீரிங் படிச்சிட்டு ரேஸ் டீமுல வேல பாக்குது. போன மாசம் மெட்ராசுக்கு அந்தாண்ட இருக்கற புது டிராக்குக்கு என்னையும் பச்சையம்மா அண்ணியையும் காருல இட்டுக்கினு போச்சி. அண்ணிக்கு வயசாச்சி, காது மந்தம், கண்ணு மட்டும் அப்படியே இருக்குது. நானும் ஞாபகத்துக்கு அந்த ஊக்கக் காலர்ல குத்திக்கினு போனேன்.

அந்தக் காலந்தான் காலம்னு சொல்ற ஆளு நான் இல்ல. இப்பதான் ரேஸு ரேஸா இருக்குது. ஓட்டறவனுக்கு நெருப்புப் புடிக்காத சட்ட, தலைக்குக் கவசம், கழுத்துக்கு ஒரு தாங்கி. எங்க அண்ணன் துணித் தொப்பியோட பெட்ரோல் மேல ஒக்காந்துக்கினு போனாரு. வண்டி ஓடும்போதே எஞ்சின் சூடு எவ்ளோ, டயர் சூடு எவ்ளோன்னு இங்க கம்ப்யூட்டர்ல தெரியுது. ஹேமா காதுல மாட்டிக்கினு டிரைவர்கிட்டப் பேசுது. மஸ்தான் மேஸ்திரி ஸ்குரு டிரைவரக் காதுல வெச்சிக் கேட்டத இவங்க ஒயர் போட்டுக் கேக்கறாங்க. இருந்திருந்தா சந்தோசப்பட்டிருப்பாரு.

ஆனா ஒண்ணு மாறல. ரேஸுக்கு முன்னாடி தட்டுல சந்தனம், குங்குமம் வந்துது. ஹேமா கிண்ணத்த அண்ணிகிட்ட நீட்டி, "அம்மா, எத்திராஜ் சார் வண்டிக்கு நீங்கதான் வெப்பீங்களாமே. எங்க வண்டிக்கும் உங்க கையால வெய்யுங்க"ன்னுச்சி.

அண்ணி சந்தனத்துல வெரல வெச்சாங்க. வண்டிய முன்னாலேர்ந்து பின்னால வரைக்கும் பாத்தாங்க. "ஏம்மா, இந்த வண்டிக்கு டாங்குக்குக் காத்து போற ஓட்டை எங்க இருக்குது?"ன்னு கேட்டாங்க.

ஹேமா முழிச்சிது. "இதோ இங்கம்மா, ஒரு வால்வு இருக்குது. ஏன்?"

"அத வுட்டுட்டு வெக்கணும். மூடிட்டம்னா பாதியில நின்னுடும்."

நான் அப்படியே அண்ணியப் பாத்தேன். "அண்ணி, எப்பலேர்ந்து தெரியும் உங்களுக்கு?"

"மொத நாளே. மூடியத் தெறந்து துண்டால தொடச்சி தொடச்சிப் பாத்தாரே. தறியில அந்தக் கோடியில நூலு அறுந்தா இந்தக் கோடியிலேர்ந்து பாக்கறவ நானு. அது தெரியாதா?"

"அப்ப ஊக்கு?"

"பொத்தான் பிஞ்சிடுச்சின்னாரு. அவர் சட்டைக்கெல்லாம் பொத்தான் தெச்சவளே நானு." அண்ணி சிரிச்சாங்க. "ரெண்டாவது ரேஸுலேர்ந்து ஓட்டைய வுட்டுத்தான் வெச்சேன் வேலு. நீதான் தெறந்து கெடந்த ஓட்டையில குத்திக்கினே இருந்த."

அத்தினி வருஷம் நான் பண்ண உத்தியோகம் அதுதான்னு அப்பதான் தெரிஞ்சிக்கினேன். சிரிப்பு வந்துது. ஆனா அதுக்குள்ள வேற ஒண்ணு தோணிச்சி. "அண்ணி, முருகனே நிறுத்தினா ரேஸ வுட்டுடணும்னு கையில அடிச்சி வாங்கினீங்களே. அன்னிக்கு நீங்க ஒரு வார்த்த சொல்லி இருந்தீங்கன்னா..."

"நின்னிருப்பாரு. சத்தியம் பண்ணவராச்சே." அண்ணி கையில இருந்த சந்தனத்தப் பாத்துக்கினே சொன்னாங்க. "சொல்லத்தான் வந்தேன். வண்டிய வுட்டு எறங்கினாரு பாரு, முதுகெல்லாம் பெட்ரோலு, அப்ப அந்த மொகத்தப் பாத்தேன். கண்ணாலத்தன்னிக்குக் கூட நான் அந்த மொகத்தப் பாக்கல. எனக்கு வாய் வரல வேலு. முருகன்கிட்ட நான் பேசிக்கறேன்னு வுட்டுட்டேன். ஒவ்வொரு தபாவும் பேசிக்கினுதான் ஒக்காந்திருந்தேன்."

சொல்லிட்டுக் குனிஞ்சி, ஹேமா காட்டின வால்வுக்கு ஒரு வெரக்கட தள்ளி சின்னதா ஒரு பொட்டு வெச்சாங்க. குங்குமம் வெச்சாங்க. வண்டியக் கோட்டுக்குத் தள்ளிக்கினு போகப் பசங்க வந்து நின்னாங்க. பழக்க தோஷம், என் கை தானா என் காலர் ஊக்குக்குப் போச்சி.

அண்ணி திரும்பாமலே சொன்னாங்க. "வாணாம் வேலு. தெறந்துதான் இருக்குது."